நிலத்தட்டுகளின் நகர்விலிருந்து நில அமைப்பைப் படிப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு மலைத்தொடரையோ கடல் அகழியையோ காட்டி, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், மனப்பாடப் பட்டியலைத் தேடாமல், தட்டுகளின் நகர்விலிருந்து நீங்களே விடையைக் கட்டியெழுப்ப வேண்டும். அதற்கான வழிமுறை இது. டெல்லியில் கரோல் பாக், பழைய ராஜேந்தர் நகர் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கிக் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்து வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். மடிப்பு மலை, பிண்ட மலை, எரிமலை என்று பெயர்களை முதலில் படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற தட்டு எல்லையைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் எல்லை எங்கே, அடுத்து எந்தத் திசையில் நகர்வு, அதன்பின் எல்லையின் இருபுறமும் இருப்பது கடலா கண்டமா, எல்லாம் முடிந்த பிறகே நில அமைப்பின் பெயர். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாகவே வந்து உட்காரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடலடி மேடுபள்ளங்களைக் காட்டும் உலக வரைபடம் ஒன்று வேண்டும். இதுதான் முக்கியம். கடல் முழுவதும் ஒரே நீலமாக இருக்கும் அரசியல் வரைபடம் பயன்படாது. தட்டுகள் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் கடலுக்கு அடியில்தான் நடக்கிறது. டெல்லி கேட் எதிரே மகிளா ஹாட்டில் ஞாயிறுதோறும் கூடும் பழைய புத்தகச் சந்தையில் நல்ல அட்லஸ்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும் முன் அட்லாண்டிக் பெருங்கடல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் தெரிந்தால் வாங்கலாம்.

வரைபடத்தின் மேல் விரிக்க டிரேசிங் தாள், மூன்று நிறப் பென்சில்கள், ஓர் அளவுகோல். இவை நய் சடக்கின் எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும்.

நிலநடுக்கப் பட்டியலும் தேவை. உலகம் முழுவதற்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் இணையதளம் இலவசமாகப் பட்டியல் தருகிறது. இந்தியாவுக்கும் அண்டை நாடுகளுக்கும் டெல்லியில் இயங்கும் தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலைப் பாருங்கள். அளவு 5-க்கு மேற்பட்டவற்றை மட்டும், இடம், ஆழம் இரண்டோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டு எல்லைகள் ஏற்கெனவே அச்சிடப்பட்ட வரைபடத்தை இப்போது திறக்காதீர்கள். அது கடைசியில் சரிபார்ப்பதற்கு. விடையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டால் கணக்கு வராது.

2. தட்டு என்றால் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

மேலோடும் தட்டும் ஒன்றல்ல. மேலோடு என்பது புவியின் வெளிப்புறப் பாறைப் படலம். கடலுக்கு அடியில் அதன் தடிமன் சுமார் 7 கி.மீ.; கண்டங்களில் சராசரியாக 35 முதல் 40 கி.மீ. வரை. தட்டு என்பது இந்த மேலோடும், அதோடு ஒட்டியிருக்கும் கவசத்தின் (மேலோட்டுக்கு அடியில் உள்ள தடித்த பாறைப் படலம்) குளிர்ந்த, விறைத்த மேற்பகுதியும் சேர்ந்தது. அதன் தடிமன் ஏறத்தாழ 100 கி.மீ.; பழைய கண்டங்களின் அடியில் இன்னும் அதிகம்.

தட்டுக்குக் கீழே இருப்பது உருகிய குழம்புக் கடல் என்று நினைப்பவர்கள் மிகப் பலர். அது திடப்பாறைதான். சூட்டால் இளகி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல ஒழுகக்கூடிய திடப்பாறை. இதை இப்போதே திருத்திக்கொள்ளாவிட்டால், எரிமலை ஏன் சில இடங்களில் மட்டும் வருகிறது என்ற கேள்விக்குப் பின்னால் விடை கிடைக்காது. அடியெங்கும் குழம்பாக இருந்திருந்தால் எரிமலையும் எங்கும் இருந்திருக்குமே!

கண்டத்தையே தட்டு என்று எண்ணுவதும் அடிக்கடி நடக்கிறது. இந்தியத் தட்டில் நம் நிலப்பரப்பு மட்டுமல்ல, அரபிக்கடல், வங்காள விரிகுடா இரண்டின் பெரும்பகுதியும் அடக்கம். பசிபிக் தட்டு ஏறக்குறைய முழுவதும் கடல். "அக்கா, மெரினா கடற்கரைதானே தட்டின் விளிம்பு?" என்று ஒவ்வொரு புதிய குழுவிலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இல்லை. சென்னைக் கரை தட்டின் உட்பகுதி. விளிம்பு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, அந்தமானுக்கு அருகில் இருக்கிறது.

இரண்டு அடர்த்தி எண்களைத் தாளின் மூலையில் எழுதிவையுங்கள். கண்ட மேலோடு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், கடல் மேலோடு சுமார் 3.0. இந்தச் சிறு வேறுபாடுதான் ஆறாவது, ஏழாவது படிகளில் எது அமிழும், எது அமிழாது என்பதைத் தீர்மானிக்கப்போகிறது.

3. நிலநடுக்கப் புள்ளிகளை இட்டு எல்லையைக் கண்டுபிடியுங்கள்

டிரேசிங் தாளை வரைபடத்தின் மேல் வைத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஆழம் 70 கி.மீ.க்குள் என்றால் ஒரு நிறம், 70 முதல் 300 வரை மற்றொரு நிறம், அதற்கும் கீழே என்றால் மூன்றாவது நிறம். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும்; ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. புள்ளிகள் கோடுகளாகத் திரள்வதைத் தன் கையால் பார்த்தவருக்குத் தட்டு எல்லை மறப்பதில்லை.

செய்தித்தாளில் வந்த பெரிய நிலநடுக்கங்களை மட்டும் வைத்து வரையக் கூடாது. மக்கள் வாழும் இடங்களில் நடப்பவையே செய்தியாகின்றன. நடுக்கடலில் நடப்பவை யாருக்கும் தெரிவதில்லை. அப்படி வரைந்தால் கடலடி எல்லைகள் முழுவதும் விட்டுப்போகும்.

தனித்து நிற்கும் புள்ளிகளை இணைத்துக் கோடு இழுப்பது இன்னொரு தவறு. 1993-இல் லாத்தூர் பகுதியிலும், 2001-இல் புஜ்ஜிலும் பேரழிவை உண்டாக்கிய நிலநடுக்கங்கள் நடந்தன. ஆனால் அந்த இரண்டையும் சேர்த்து ஓர் எல்லை கிடையாது. தட்டின் உட்பகுதியிலும் பழைய பலவீனமான பிளவுகள் உண்டு. விளிம்பில் விழும் அழுத்தம் உள்ளே கடத்தப்படும்போது அவை நழுவுகின்றன. புள்ளிகள் இடைவிடாத சங்கிலியாக ஓடும் இடத்தில் மட்டும் எல்லையை வரையுங்கள்.

வரையும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். அட்லாண்டிக் நடுவில் புள்ளிகள் மெல்லிய நூல்போலச் செல்லும். இமயமலையிலிருந்து திபெத் வழியாகச் சீனாவுக்குள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பரந்து சிதறிக் கிடக்கும். கடல் தட்டு குளிர்ந்து விறைத்தது, அதனால் ஒரே கோட்டில் உடைகிறது. கண்டப் பாறை அதைவிட இளக்கமானது, அகலமாக நசுங்குகிறது. எனவே கண்டங்கள் மோதும் இடத்தில் கோட்டுக்குப் பதிலாகப் பட்டையாக நிழலிடுங்கள்.

4. நகர்வின் திசையைக் குறித்து, வேகத்தைத் தூரமாக மாற்றுங்கள்

எல்லை கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு தட்டுக்கும் அம்புக்குறி. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு தட்டு தனியாக எந்தத் திசையில் போகிறது என்பது நில அமைப்பைத் தீர்மானிப்பதில்லை. பக்கத்துத் தட்டைப் பொறுத்து எப்படிப் போகிறது என்பதே தீர்மானிக்கிறது.

அரபிக்கடலில் இதைப் பார்க்கலாம். அரேபியத் தட்டும் இந்தியத் தட்டும் இரண்டுமே வடக்கு நோக்கித்தான் நகர்கின்றன. அம்புகளை மட்டும் பார்த்தால் அவற்றுக்கிடையே எதுவும் நடக்காது என்றுதான் தோன்றும். இரண்டின் வேகத்திலும் சிறு வேறுபாடு இருப்பதால், அவற்றின் எல்லையில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் பக்கவாட்டு நழுவல் நடக்கிறது. ஒரு தட்டை விரலால் அழுத்திப் பிடித்ததாகக் கருதி, அது நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் மற்றது எங்கே போகும் என்று யோசியுங்கள். அந்த அம்பைத்தான் வரைய வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 1 செ.மீ. என்றால் ஒரு கோடி ஆண்டில் 100 கி.மீ. இதைப் பிடித்துக்கொண்டால் புவியியல் காலம் பயமுறுத்தாது. இந்தியா ஆசியாவை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. நெருங்குகிறது. மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள். பெருக்கினால் 2,500 கி.மீ. அவ்வளவு நிலம் எங்கே போயிற்று? மடிந்தும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியும், பக்கவாட்டில் பிதுங்கியும் போயிற்று. இமயமும் திபெத்தும் அதன் கணக்குதான்.

5. விலகும் எல்லையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்

கடல் மேலோடு பிறக்கும் இடம் இது. பிறப்பைப் புரிந்துகொண்ட பிறகுதான் அமிழ்தல் புரியும். அமிழ்தல் முடிந்த இடத்தில்தான் மோதல் தொடங்கும். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இரண்டு தட்டுகள் விலகும்போது அடியிலிருக்கும் கவசப் பாறை மேலே எழுகிறது. எழ எழ அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. சூடு அப்படியே இருக்க, அழுத்தம் மட்டும் குறைவதால் அது பகுதியாக உருகுகிறது. அங்கே யாரும் கூடுதலாகச் சூடேற்றவில்லை; இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். உருகியது மேலே வந்து உறைந்து புதிய கடல் தரையாகிறது.

இதன் விளைவு சுமார் 65,000 கி.மீ. நீளத்துக்குப் பெருங்கடல்கள் வழியாக ஓடும் நடுக்கடல் முகடு. முகட்டின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2.5 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது, விலகிச் சென்ற பழைய தரை 5 கி.மீ.க்கும் கீழே. பாறை குளிரும்போது சுருங்கி, கனம் கூடி, தாழ்கிறது. முகடு மேடாக இருப்பதற்குக் காரணம் அது இளமையாகவும் சூடாகவும் இருப்பதுதான். யாரும் அதை நெருக்கி உயர்த்தவில்லை. இமயத்தையும் இதையும் ஒரே வகையில் சேர்க்காதீர்கள்.

விலகல் கண்டத்தின் நடுவில் தொடங்கினால் முதலில் பிளவுப் பள்ளத்தாக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கனிக்கா, மலாவி ஏரிகள் அப்படிப்பட்ட பள்ளங்களில் நிற்கின்றன. அதே வேலை இன்னும் முன்னேறிய கட்டம் செங்கடல். இன்னும் பல கோடி ஆண்டு தொடர்ந்தால் அட்லாண்டிக். மூன்றையும் அட்லஸில் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கதையின் மூன்று வயதுகள் தெரியும்.

6. அமிழும் எல்லை: மேற்கிலிருந்து கிழக்கே வரிசையாகப் படியுங்கள்

கடல் தட்டு வயதாகிக் குளிர்ந்ததும் கனத்துப்போகிறது. இன்னொரு தட்டைச் சந்திக்கும்போது அதன் அடியில் வளைந்து இறங்கிவிடுகிறது. உலகில் இப்போதுள்ள கடல் தரையில் 18 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது அரிதாகவே காணப்படுவதும், கண்டங்களில் 300 கோடி ஆண்டுப் பாறைகூடக் கிடைப்பதும் இதனால்தான். கடல் தரை மீண்டும் உள்ளே போய்விடுகிறது. கண்டம் மிதந்து தப்பிக்கிறது.

எந்தத் தட்டு எந்தப் பக்கம் அமிழ்கிறது என்பதை மூன்றாவது படியில் நீங்கள் இட்ட நிறங்களே சொல்லும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையைப் பாருங்கள். கரையை ஒட்டி ஆழம் குறைந்த நடுக்கங்கள், உள்நாட்டில் நடுத்தர ஆழம், இன்னும் கிழக்கே 600 கி.மீ.க்கும் கீழே. புள்ளிகள் ஆழமாகிக்கொண்டே போகும் திசைதான் தட்டு இறங்கும் திசை. பசிபிக்கின் தென்கிழக்கில் உள்ள நாஸ்கா என்னும் கடல் தட்டு கிழக்கு நோக்கித் தென் அமெரிக்காவின் அடியில் செல்கிறது.

இனி நில அமைப்பு. வளையும் இடத்தில் அகழி. பெரு, சிலி கரையோரம் அது 8 கி.மீ. ஆழத்தை எட்டுகிறது, கடல் தட்டும் கடல் தட்டும் சந்திக்கும் மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில் ஏறத்தாழ 11 கி.மீ. அகழியிலிருந்து சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக எரிமலை வரிசை. மேலே இருப்பது கண்டம் என்றால் ஆண்டிஸ் போன்ற மலைத்தொடர். கடல் என்றால் தீவுகளின் வில்.

எரிமலை ஏன் அகழியின் மேலேயே இல்லாமல் தள்ளி நிற்கிறது? இந்தக் கேள்வியில்தான் அதிகமானவர்கள் சறுக்குகிறார்கள். தட்டு உரசிச் சூடாகி உருகுகிறது என்று எழுதிவிடுவார்கள். நடப்பது வேறு. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பாறையின் கனிமங்களுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது. தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்துக்கு இறங்கும்போது, சூட்டாலும் அழுத்தத்தாலும் அந்த நீர் வெளியேறி மேலே இருக்கும் கவசப் பாறைக்குள் புகுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். ஆக, உருகுவது பெரும்பாலும் அமிழும் தட்டுக்கு மேலே உள்ள கவசம்தான். தட்டு 100 கி.மீ. ஆழத்தை எட்டக் கிடைமட்டத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ, எரிமலையும் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கும். செங்குத்தாக இறங்கினால் கிட்டே. சாய்வாக இறங்கினால் தொலைவில்.

உலகின் மிகப் பெரிய நிலநடுக்கங்களும் இந்த எல்லையில்தான் நடக்கின்றன. 1960-இல் சிலியில் 9.5, 2004-இல் சுமத்ரா–அந்தமானில் 9.1, 2011-இல் ஜப்பானில் 9-ஐ ஒட்டியது. இரண்டு தட்டுகளும் பூட்டிக்கொள்ளும் பரப்பு இங்கே மிகப் பெரிது. அது விடுபடும்போது கடல் தரையே எழும்பித் தாழ்கிறது.

7. மோதும் எல்லை: அமிழ்தல் நின்ற பிறகு என்ன?

இடையிலிருந்த கடல் முழுவதும் அமிழ்ந்து தீர்ந்ததும் இரண்டு கண்டங்கள் நேருக்கு நேர் வருகின்றன. இரண்டின் அடர்த்தியும் 2.7, எதுவும் ஆழமாக அமிழாது. நெருங்குதல் நிற்காததால் மேலோடு தடிக்கிறது. திபெத்தின் அடியில் அதன் தடிமன் ஏறத்தாழ 70 கி.மீ., வழக்கமான கண்ட மேலோட்டைப்போல் இரண்டு மடங்கு. தடித்தது உயரவும் செய்கிறது, கீழே வேர்போல இறங்கவும் செய்கிறது. மேலே தெரியும் உயரத்தைவிட அடியில் இருக்கும் வேரே பெரிது.

இமயத்தில் ஏன் எரிமலை இல்லை என்பதற்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். நீரைச் சுமந்து இறங்கும் கடல் தட்டு அங்கே இல்லை. ஆனால் ஒருகாலத்தில் இருந்தது. லடாக்கின் லே நகரை ஒட்டி எழும் கிரானைட் மலைகள் அந்தக் காலத்து எரிமலைகளின் அடித்தளம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் அமிழ்ந்துகொண்டிருந்தபோது உருவானவை. சிந்து ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி அந்தக் கடல் தரையின் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. இமாச்சலத்தின் ஸ்பிதியில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதும், எவரெஸ்ட் உச்சியே கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறையாக இருப்பதும் இதனால்தான். 8,848.86 மீட்டர் உயரத்தில் இருப்பது ஒரு பழைய கடலின் அடித்தரை.

மலையை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மலைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தையும் குறியுங்கள். கயிற்றுக் கட்டிலின் ஓரத்தில் அரிசி மூட்டையை ஏற்றினால் பக்கத்துக் கயிறும் சேர்ந்து தாழ்வதுபோல, இமயத்தின் பாரத்தால் அதன் தெற்கே இந்தியத் தட்டு வளைந்து தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தை ஆறுகள் வண்டலால் நிரப்பின. மலையடிவாரத்தை ஒட்டி அந்த வண்டல் பல கிலோமீட்டர் தடிமன் கொண்டது. தெற்கே வரவர மெலிகிறது. கங்கைச் சமவெளியும் தட்டு நகர்வு செய்த நில அமைப்புதான். வட இந்திய மக்களில் பெரும்பகுதியினர் உட்கார்ந்திருப்பது அந்தப் பள்ளத்தின் மேல். இதைப் பெரும்பாலான விடைத்தாள்கள் சொல்வதே இல்லை.

8. பக்கவாட்டு எல்லை

இங்கே மேலோடு பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. எனவே எரிமலை இல்லை. நேர்கோடாக ஓடும் பள்ளத்தாக்கு, ஒரே இடத்தில் ஒடிந்து விலகியதுபோலத் தெரியும் ஓடைகள் ஆகியவையே அடையாளம். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 1,300 கி.மீ. நீளம். பிளவு சற்று வளையும் இடத்தில் நிலம் நெருக்கப்பட்டு மேடாகும், அல்லது இழுக்கப்பட்டுப் பள்ளமாகும். கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடல் அப்படி இழுக்கப்பட்ட பள்ளம். பக்கவாட்டு எல்லைகளில் பெரும்பாலானவை நடுக்கடல் முகட்டை வெட்டும் சிறு துண்டுகள். உங்கள் வரைபடத்தில் முகடு படிக்கட்டுபோல ஒடிந்து செல்வது அதனால்தான்.

9. எல்லையில் அகப்படாதவற்றைத் தனியாக வையுங்கள்

இந்தக் கட்டத்தில் சில நில அமைப்புகள் எந்த எல்லையிலும் பொருந்தாமல் நிற்கும். வலிந்து பொருத்தாதீர்கள். அவை பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று, வெப்பப்புள்ளி. கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் சூடான பாறை, மேலே நகரும் தட்டைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. ஹவாய் பசிபிக் தட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே தென்கிழக்கில் எரிமலை உயிரோடு இருக்க, வடமேற்கே போகப்போகத் தீவுகளின் வயது கூடுகிறது. நம் பக்கத்தில் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த) பாறை அடுக்குகளைக் கொட்டிய வெப்பப்புள்ளி, இந்தியா வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று ஒரு தடத்தை விட்டுச் சென்றது. இன்று அது ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது. அட்லஸில் லட்சத்தீவிலிருந்து தெற்கே விரலை ஓட்டினால் அந்தக் கடலடி மேடு கையோடு வரும்.

மற்றது, பழைய எல்லைகளின் தழும்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை மடிப்பு மலை என்று எழுதுவது தவறு. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தபோது உடைந்த விளிம்பு அது. எனவேதான் மேற்கே செங்குத்தாக இறங்கி, கிழக்கே மெல்லச் சரிகிறது. ஒவ்வொரு மலைக்கும் உயரத்தைக் கேட்பதற்கு முன் பாறையின் வயதையும் நிலத்தின் வயதையும் தனித்தனியாகக் கேளுங்கள். நீலகிரியின் பாறை மிகப் பழையது. அது இன்றைய உயரத்தில் நிற்பதற்குப் பின்னால் நடந்த எழுச்சியும் அரிப்பும் காரணம்.

10. டெல்லியிலேயே சோதித்துப் பாருங்கள்

வரைபடத்தில் செய்ததை ஒரு காலைப் பொழுதில் காலால் நடந்து சரிபார்க்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் யாரும் பாறையைக் கவனிக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடக்கு ரிட்ஜ் என்னும் ஆரவல்லிப் பாறை மேட்டிலோ, துக்ளகாபாத் பக்கமோ தொடங்குங்கள். அங்கே நிலத்திலிருந்து துருத்தி நிற்பது குவார்ட்சைட். மணலாகப் படிந்து, புதைந்து, நெருக்கப்பட்டு இறுகிய பாறை. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அடுக்குகள் கிடையாக இல்லாமல் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். மணல் அடுக்குகள் பொதுவாகக் கிடையாகவே படியும். பின்னால் வந்த நெருக்குதல்தான் சாய்த்தது. இமயம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நடந்த ஒரு மோதலின் மிச்சம் இந்த ஆரவல்லி. உயரமெல்லாம் அரித்துப்போய்க் கடினமான அடித்தண்டு மட்டும் நிற்கிறது.

கட்டடக் கல்லை நிலத்தின் கல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துக்ளகாபாத் கோட்டைச் சுவர்கள் உள்ளூர்க் குவார்ட்சைட். செங்கோட்டையின் சிவப்பு மணற்கல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. மண்ணோடு ஒட்டி நிற்கும் பாறையை மட்டும் நம்புங்கள்.

அடுத்து யமுனைக் கரை. ஒரு கைப்பிடி மணலை எடுத்து வெயிலில் காட்டுங்கள். மினுமினுக்கும் மெல்லிய தகடுகள் அப்பிரகம். ரிட்ஜின் குவார்ட்சைட் இவ்வளவு அப்பிரகம் தராது. இது இமயத்துப் பாறைகளிலிருந்து ஆறு சுமந்து வந்தது. ஒரே நகரத்தில் மேற்கே பழைய மோதலின் எலும்பு, கிழக்கே புதிய மோதலின் வண்டல். யமுனைக்குக் கிழக்கே சில இடங்களில் அந்த வண்டல் நூறு மீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. நில அதிர்வில் அது பாறையைவிடக் கூடுதலாகக் குலுங்கும்.

டெல்லியில் உணரப்படும் அதிர்வுகளையும் ஆழத்தோடு குறித்துவாருங்கள். 2015 ஏப்ரல் நேபாள நிலநடுக்கம் ஆழம் குறைந்தது, மோதல் எல்லைக்குரியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்துகுஷ் பகுதியில் நடந்தது 200 கி.மீ.க்கும் அதிக ஆழம். மோதும் எல்லையில் இவ்வளவு ஆழமா என்று உங்கள் தாள் கேள்வி கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். இந்துகுஷ் அடியில் தட்டின் ஒரு துண்டு ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.

11. இறுதிப் பயிற்சி: அந்தமான்

எல்லாப் படிகளையும் ஒரே இடத்தில் செய்து பார்க்க அந்தமானைப்போல் பொருத்தமான இடம் நமக்கு வேறில்லை. முதலில் நீங்கள் எழுதுங்கள். பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

எல்லை: தீவுகளின் மேற்கே வடக்கு தெற்காக. நிறங்கள் கிழக்கே போகப்போக ஆழமாகின்றன. ஆகவே இந்தியத் தட்டு கிழக்கு நோக்கி அமிழ்கிறது. நகர்வு: இந்தியா பெரும்பாலும் வடக்கே போகிறது, எல்லையும் வடக்கு தெற்காகவே ஓடுகிறது, எனவே நேர்மோதல் இல்லை, சாய்ந்த நகர்வு. அமிழ்தலோடு பக்கவாட்டு நழுவலும் சேர்ந்தே இருக்க வேண்டும். சுமத்ராவின் நீளம் முழுக்க ஓடும் பிளவு அந்தப் பக்கவாட்டுப் பங்கைத்தான் ஏற்கிறது.

மேற்கிலிருந்து கிழக்கே: அகழி, அமிழும் தட்டிலிருந்து சுரண்டப்பட்டுக் குவிந்த படிவுகளால் ஆன அந்தமான்–நிக்கோபார் தீவுகள், அவற்றுக்கும் கிழக்கே பேரன் (Barren) தீவின் எரிமலை, அதையும் தாண்டி மெல்ல விலகிக்கொண்டிருக்கும் அந்தமான் கடலின் தரை. ஸ்ரீ விஜய புரம் (பழைய பெயர் போர்ட் பிளேர்) இருக்கும் தீவையே எரிமலைத் தீவு என்று எழுதுகிறவர்கள் இந்த வரிசையைப் போடாதவர்கள். 1991-இல் மீண்டும் விழித்த பேரன் தீவுதான் எரிமலை வில்லின் புள்ளி. 2004 டிசம்பர் 26 அன்று இந்த எல்லையில் சுமார் 1,300 கி.மீ. நீளம் விடுபட்டபோது வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்தன. தெற்கே இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. எழுந்து தாழ்ந்த அதே கடல் தரை தள்ளிய நீர்தான் நாகப்பட்டினத்துக்கு வந்தது.

ஒன்று மட்டும் இடிக்கும். அமிழும் எல்லை என்றால் ஆழமான அகழி இருக்க வேண்டும். அட்லஸில் ஜாவாவுக்குத் தெற்கே 7 கி.மீ. ஆழத்துக்குத் தெரியும் அகழி, அந்தமானை நெருங்கும்போது மங்கிப்போகிறது. இங்கே அமிழ்தல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரைபடத்தில் கண்ணை வடக்கே ஓட்டுங்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவரும் வண்டல், வங்காள விரிகுடாவின் தரையில் சுமார் 3,000 கி.மீ. தூரத்துக்கு விசிறியாகப் பரவியிருக்கிறது. அகழி இருக்கிறது, மலை கரைந்து வந்து அதை நிரப்பிவிட்டது.